பால் ஒத்துக்கொள்ளாத, எடை ஏறாத குழந்தைக்கு: சோயா பால் முதல் பவுடர் டப்பா வரை வாங்கிப் பார்த்தது

பால் சேராத குழந்தைகளுக்கு என்று விற்கப்படும் பொருட்களில் பாதிக்கு மேல், உடம்பு தேறவேண்டிய குழந்தைக்குப் பயன்படாது. முன்பக்கத்தில் வெள்ளையாக வழியும் படமும் சிரிக்கும் குழந்தையும் இருக்கும், பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் தண்ணீரைவிடக் கொஞ்சம் மேல் என்ற அளவில்தான் சத்து இருக்கும். இதை யாராவது எனக்கு விவரமாக எழுதி வைத்திருந்தால் நன்றாக இருந்திருக்குமே என்று பல தடவை நினைத்திருக்கிறேன், அதனால்தான் நானே எழுதுகிறேன்.

என் மகளுக்கு நாலரை வயது. பிறந்ததிலிருந்தே ஒல்லி. பாலில் உள்ள புரதம் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று குழந்தை மருத்துவர் உறுதியாகச் சொன்ன பிறகு பால், தயிர், வெண்ணெய், சீஸ் எல்லாவற்றையும் நிறுத்தியாயிற்று. வயிறு சரியாகிவிட்டது, ராத்திரி நன்றாகத் தூங்குகிறாள். ஆனால் அவள் விரும்பிச் சாப்பிட்ட கொழுப்பான சாப்பாடு முழுவதும் அதோடு போய்விட்டது. அந்த இடத்தை எதை வைத்து நிரப்புவது என்பதுதான் கேள்வி.

நான் எல்லாவற்றையும் ஒரே அளவுகோலில்தான் பார்க்கிறேன். ஒரு கப் முழுக்கொழுப்புப் பால், அதாவது 240 மில்லி, ஏறத்தாழ 150 கலோரி, 8 கிராம் புரதம், 8 கிராம் கொழுப்பு, 300 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் தருகிறது. பாலுக்குப் பதில் என்று சொல்லிக்கொண்டு வரும் எதுவும் இந்த நான்கில் எத்தனையைத் தருகிறது என்று பார்த்தால் போதும். நிறம், ருசி, நுரை எல்லாம் அப்புறம்.

அதற்கு முன் ஒரு விஷயம். குழந்தைக்குச் சேராதது லாக்டோஸா, பால் புரதமா என்று தெரியாமல் எதையும் வாங்காதீர்கள். லாக்டோஸ் என்பது பாலில் உள்ள சர்க்கரை. அதைச் செரிக்கும் லாக்டேஸ் நொதி சிறுகுடலில் குறைவாக இருந்தால் வயிறு உப்பும், வாயு பிடிக்கும், வயிற்றோட்டம் வரும். கடுமையான வயிற்றுப்போக்கு வந்து போன பிறகு சில வாரங்களுக்கு மட்டும் இப்படி இருந்துவிட்டுத் தானாகச் சரியாகும் குழந்தைகளும் உண்டு. பால் புரதம் சேராதது வேறு கதை, அது நோய் எதிர்ப்பு மண்டலம் சம்பந்தப்பட்டது. வாந்தி, தோல் தடிப்பு, மலத்தில் ரத்தம், எடை ஏறாமல் நிற்பது என்று பல வடிவங்களில் வரும். லாக்டோஸ் மட்டும்தான் பிரச்சினை என்றால் உங்களுக்குப் பாதி வேலை முடிந்தது: லாக்டோஸ் நீக்கிய முழுக்கொழுப்புப் பாலை வாங்கிக்கொடுங்கள். கலோரி, புரதம், கால்சியம் எல்லாம் சாதாரணப் பாலில் இருப்பது போலவே இருக்கும், கொஞ்சம் கூடுதலாக இனிக்கும், அவ்வளவுதான். லாக்டேஸ் சொட்டு மருந்தும் இதே ஆட்களுக்குத்தான். புரதம் சேராத குழந்தைக்கு இவை இரண்டும் சுத்தமாக உதவாது. ஆட்டுப் பால் கொடுத்துப் பாருங்கள் என்று சொல்கிறவர்கள் எங்கும் இருக்கிறார்கள், அதிலும் லாக்டோஸ் உண்டு, அதன் புரதமும் பசும்பால் புரதத்துக்கு மிக நெருக்கம் என்பதால் இரண்டு வகைக் குழந்தைக்கும் அது சரிவராது.

இனி வாங்கியவற்றைப் பற்றி.

சோயா பால் என் கணக்கில் முதலிடம். இனிப்புச் சேர்க்காத, கால்சியமும் வைட்டமின் டி-யும் சேர்த்த வகையைச் சொல்கிறேன். ஒரு கப்பில் 80 கலோரி பக்கம் வரும், புரதம் 7 கிராம். கலோரியில் பாலுக்குப் பாதிதான், ஆனால் புரதத்தில் ஏறக்குறைய சமம். 2019-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் வேறு சில மருத்துவ, உணவியல் அமைப்புகளும் சேர்ந்து ஒரு பரிந்துரை வெளியிட்டன. ஒரு வயது முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளுக்குப் பாலுக்கு முழு மாற்றாகத் தாவரப் பால்களை அவர்கள் பரிந்துரைக்கவில்லை, சத்து சேர்த்த சோயா பாலுக்கு மட்டும் விதிவிலக்குக் கொடுத்தார்கள். வாங்கும்போது நான் பார்ப்பது மூன்று வரி: புரதம், கால்சியம், சேர்த்த சர்க்கரை. ஒன்று கட்டாயம் செய்யுங்கள், ஊற்றுவதற்கு முன் பெட்டியை நன்றாகக் குலுக்குங்கள். சேர்த்த கால்சியம் அடியில் போய்ப் படிந்துவிடும். ஒரு காலிப் பெட்டியைக் கத்தரித்துப் பார்த்தேன், அடியில் சுண்ணாம்புக் குழம்பு மாதிரி வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தது. காசு கொடுத்து வாங்கிய சத்து அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. பால் புரதம் சேராத குழந்தைகளில் சிலருக்குச் சோயாவும் சேராது, அதனால் மருத்துவரைக் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

பட்டாணிப் புரதப் பால் சோயாவுக்கு அடுத்து வருகிறது, சில வகைகளில் சோயாவைவிடவும் நன்றாக இருக்கிறது. ஒரு கப்புக்கு 8 கிராம் வரை புரதம் உள்ள வகைகள் கிடைக்கின்றன, குழந்தைகளுக்கென்று கொழுப்பு கூட்டிய வகைகளும் உண்டு. சோயா ஒத்துக்கொள்ளாத வீட்டில் இதுதான் முதல் தேர்வு. சமையலில் திரிவதில்லை, கஞ்சி, சூப், மசித்த உருளைக்கிழங்கு என்று எதில் விட்டாலும் கலந்துவிடுகிறது. குறை என்றால் ருசிதான், பச்சைப் பட்டாணியின் ஒரு மெல்லிய வாடை பின்னால் வரும். சும்மா டம்ளரில் கொடுத்தால் என் மகள் இரண்டு மடக்குக் குடித்துவிட்டு டம்ளரை மேசையின் அந்தக் கோடிக்கு ஒரு விரலால் தள்ளுகிறாள். வாழைப்பழத்தோடு அடித்துக் கொடுத்தால் மீசை வைத்துக்கொண்டு குடிக்கிறாள்.

ஓட்ஸ் பால் ருசியில் எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடுகிறது, குழந்தைகளுக்குச் சட்டென்று பிடிக்கிறது. பிடிக்காமல் என்ன செய்யும், ஓட்ஸில் உள்ள மாவுச்சத்தை நொதி வைத்துச் சர்க்கரையாக உடைத்துத்தான் அதைச் செய்கிறார்கள், சர்க்கரை சேர்க்கவில்லை என்று எழுதியிருந்தாலும் இனிக்கும். ஒரு கப்பில் 120 கலோரி வரை வருகிறது, அது நல்லது. புரதம் 3 கிராம்தான். முட்டை, மீன், பருப்பு என்று வேறு வழியில் புரதம் உள்ளே போகும் குழந்தைக்கு இது போதும். இதை மட்டும் நம்பிப் பாலை நிறுத்தக்கூடாது.

பாதாம் பாலை மட்டும் தயவுசெய்து இந்த வேலைக்கு வாங்காதீர்கள். பாதாம் என்றதும் சத்து என்று மனதில் பதிந்திருக்கிறது, பாதாம் சத்துதான், பெட்டியில் இருப்பது பாதாம் அல்ல. பல பெட்டிகளில் பாதாமின் பங்கு இரண்டு, மூன்று சதவீதம்தான், மீதி தண்ணீர். இனிப்பில்லாத வகையில் ஒரு கப்புக்கு 30, 40 கலோரி, புரதம் 1 கிராம். எடை குறைக்க நினைக்கும் பெரியவர்கள் குடிக்கலாம். எடை ஏறவேண்டிய குழந்தையின் வயிற்றில் ஒரு டம்ளர் அளவு இடத்தை இது அடைத்துக்கொள்கிறது, அடுத்த வேளைச் சாப்பாட்டுக்குப் பசி இருக்காது. எனக்கு இதில்தான் உண்மையான கோபம், ஏனென்றால் எடை ஏறாத குழந்தைகளின் பெற்றோர் நம்பி வாங்குவது பெரும்பாலும் இதைத்தான்.

குடிக்கும் தேங்காய்ப்பால் பெட்டியும் அதே ரகம், புரதம் கிட்டத்தட்ட இல்லை. சமையலுக்கான கெட்டித் தேங்காய்ப்பால் வேறு, அதில் 100 மில்லிக்கு 200 கலோரி பக்கம் கொழுப்பாகவே இருக்கிறது, கஞ்சியில் இரண்டு கரண்டி விட்டால் குழந்தைக்குத் தெரியாமலே கலோரி ஏறிவிடும். அரிசிப் பாலைத் தொடவே வேண்டாம். புரதம் இல்லை என்பதோடு, அரிசியில் சேரும் ஆர்சனிக் காரணமாக ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அரிசிப் பால் கொடுக்கக்கூடாது என்று பிரிட்டனின் சுகாதாரத் துறையே சொல்கிறது. ஒரு வயது முடியாத குழந்தைக்கு இந்தப் பட்டியலில் உள்ள எந்தப் பாலும் குடிக்கக் கொடுக்கும் முதன்மை ஆகாரம் ஆகாது, அவர்களுக்குத் தாய்ப்பால் அல்லது மருத்துவர் எழுதிக்கொடுக்கும் சிறப்பு ஃபார்முலா மட்டும்தான்.

இப்போது பவுடர் டப்பாக்கள். இதில்தான் மக்கள் அதிகம் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

முதல் வகை, எடையும் உயரமும் கூடும் என்று விளம்பரம் வரும் குழந்தை ஊட்டச்சத்து பவுடர்கள். இவற்றில் பலவற்றின் அடிப்படையே பால் பவுடர் அல்லது பால் புரதம். சிலவற்றில் லாக்டோஸ் இல்லாதது, லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாத குழந்தைகளுக்கு ஏற்றது என்று முன்னால் எழுதியிருக்கும். அது பொய்யும் அல்ல. ஆனால் அதே டப்பாவின் பின்னால் பால் புரதச் செறிவு, கேசினேட், வே புரதம் என்று வரிசையாக இருக்கும். புரதம் சேராத குழந்தைக்கு ஒரு கரண்டி போதும், ஒரு வாரம் வயிறு படுத்தும். பால் என்ற சொல்லே இல்லாமல் பால் ஒளிந்திருக்கும் பெயர்கள் இவை: கேசின், கேசினேட், வே, லாக்டல்புமின், மோர்ப் பவுடர், நெய். இதை எழுதி அலைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள், கடையில் நின்று ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள்.

இரண்டாவது வகை, தாவரப் புரோட்டீன் பவுடர். உடற்பயிற்சி செய்கிறவர்கள் குடிப்பதன் குழந்தைப் பதிப்பு. இது தேவையே இல்லை என்பது என் கருத்து. அமெரிக்கப் பரிந்துரைப்படி 4 முதல் 8 வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்குத் தேவையான புரதம் 19 கிராம். இரண்டு கப் சோயா பாலும் ஒரு முட்டையும் போனாலே அது 20 கிராம் ஆகிவிடுகிறது. ஒல்லியான குழந்தைக்குக் குறைவது பெரும்பாலும் புரதம் அல்ல, மொத்தக் கலோரிதான். நாலைந்து வயதில் ஏறத்தாழ 1200 முதல் 1400 கலோரி வேண்டும், பசி குறைந்த குழந்தை அதில் எவ்வளவு சாப்பிடுகிறது என்று ஒரு நாள் எழுதிப் பார்த்தால் புரியும். புரதம் வயிறு நிறைந்த உணர்வையும் சீக்கிரம் கொடுத்துவிடும், அதனால் இந்தப் பவுடர் எதிர்த்திசையில் வேலை செய்யவும் வாய்ப்புண்டு.

மூன்றாவது வகை, பட்டாணி அல்லது சோயாப் புரதம் வைத்துச் செய்த, எண்ணெய், மாவுச்சத்து, வைட்டமின், தாதுக்கள் எல்லாம் சேர்ந்த முழுமையான ஊட்டச்சத்து பானம். இது உண்மையிலேயே உபயோகமானது. பொதுவாக மில்லிக்கு 1 கலோரி, கூடுதல் சக்தி வகை என்றால் 1.5 கலோரி. அதாவது 200 மில்லியில் 200 முதல் 300 கலோரி, பாதாம் பாலில் இதைப் பெறக் குடத்தைக் கவிழ்க்க வேண்டும். நான் வாங்கிய பவுடர் வகை கரைவதற்கு அடம் பிடித்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் முதலில் பசை போலக் குழைத்துவிட்டு மீதித் தண்ணீரை விட்டால்தான் கட்டி தட்டாமல் வருகிறது, அப்படியும் கடைசி மடக்கில் மணல் மாதிரி நாக்கில் தட்டும். வெனிலா வாசனை தூக்கலாக இருக்கும், ஆறினால் பட்டாணி வாடை மேலே வரும். குளிர வைத்துக் கொடுத்தால் பரவாயில்லை. கேக், கஞ்சி, பான்கேக் மாவில் கலந்தால் பிரச்சினையே இல்லை. இது சாப்பாட்டுக்கு மேல் கொடுக்கவேண்டியது, சாப்பாட்டுக்குப் பதிலாக அல்ல. சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரத்துக்கு முன் கொடுத்தால் அன்றைய தட்டு அப்படியே திரும்பிவிடும். சாப்பிட்டு முடித்த பிறகோ படுப்பதற்கு முன்போ கொடுங்கள். மருத்துவரோ டயட்டீஷியனோ சொல்லாமல் மாதக்கணக்கில் கொடுக்காதீர்கள், கணக்குப் பார்த்துக் கொடுக்கவேண்டிய பொருள் இது.

என் மகளின் எடையில் வித்தியாசம் தெரிய ஆரம்பித்தது இந்தப் பால்களாலோ பவுடராலோ மட்டும் என்று சொல்லமாட்டேன். வேலை செய்தது பீனட் பட்டரும் சாதாரண எண்ணெயும். கொழுப்பு கிராமுக்கு 9 கலோரி, மாவும் புரதமும் கிராமுக்கு 4 தான். சாப்பாட்டின் அளவைக் கூட்ட முடியாத குழந்தைக்கு அதே அளவுக்குள் கலோரியைக் கூட்டுவதுதான் ஒரே வழி, அதற்குக் கொழுப்பை விட்டால் வேறு ஆள் இல்லை. ஒரு தேக்கரண்டி எண்ணெய் 40 கலோரி. சோற்றிலோ கஞ்சியிலோ சூப்பிலோ ஒரு தேக்கரண்டி விட்டுக் கலந்தால் கண்ணுக்கே தெரியாது. மூன்று வேளைக்கும் விட்டால் 120 கலோரி, ஒரு கப் ஓட்ஸ் பாலுக்குச் சமம், வயிற்றில் இடமும் அடைக்காது.

பீனட் பட்டரில் ஒரு மேசைக்கரண்டிக்கு 95 கலோரி பக்கம், புரதம் மூன்றரை கிராமுக்கு மேல். சர்க்கரையும் கெட்டிப்படுத்திய எண்ணெயும் சேர்க்காத, வேர்க்கடலையும் கொஞ்சம் உப்பும் மட்டும் உள்ள புட்டியை வாங்குங்கள். அதில் எண்ணெய் பிரிந்து மேலே நிற்கும், கெட்டுப்போனது அல்ல. அதைக் கீழே கொட்டிவிடாதீர்கள், அதுதான் உங்களுக்கு வேண்டிய கலோரி. நீளமான கரண்டியை அடிவரை விட்டுக் கிளறிவிட்டுக் குளிர்பெட்டியில் வைத்தால் மறுபடி பிரியாது. கெட்டியாக ஒரு கரண்டி அப்படியே வாயில் கொடுக்கவேண்டாம், சின்னக் குழந்தைகளுக்குத் தொண்டையில் அடைக்கும். ரொட்டியில் மெல்லியதாகத் தடவுங்கள், இல்லையென்றால் வெந்நீரில் கரைத்துக் கஞ்சியில் விடுங்கள். என் மகள் ஆப்பிள் துண்டின் இரண்டு பக்கமும் தடவச் சொல்கிறாள், ஒரு பக்கம் மட்டும் தடவினால் திருப்பிக் காட்டி நிற்கிறாள். முழுக் கொட்டைகளை ஐந்து வயது வரை கொடுக்கக்கூடாது, அரைத்ததுதான். வேர்க்கடலை ஒவ்வாமை இருக்குமோ என்று சந்தேகம் இருந்தால் மருத்துவரிடம் கேட்டுவிட்டே ஆரம்பியுங்கள். சேராதவர்களுக்கு எள் விழுது, சூரியகாந்தி விதை விழுது என்று வழி இருக்கிறது, ஆனால் எள்ளும் ஒவ்வாமை தரக்கூடியதுதான்.

அவகாடோவும் நல்லது, 100 கிராமுக்கு 160 கலோரி. ஆனால் ஒரு நாள் கல் மாதிரி இருக்கும், மறுநாள் கறுத்துப்போகும், அதை நம்பித் திட்டம் போட முடியாது. முட்டை எந்தக் குறையும் சொல்ல முடியாத பொருள். பழச்சாறு வேண்டாம், 4 முதல் 6 வயதில் ஒரு நாளைக்கு 180 மில்லிக்கு மேல் போகக்கூடாது என்பது பரிந்துரை, பசியைக் கெடுப்பதில் அதை மிஞ்ச ஆளில்லை.

நான் செலவழித்ததிலேயே மிகப் பிரயோஜனமானது எந்தப் பெட்டியும் அல்ல, குழந்தைகளுக்கான டயட்டீஷியனிடம் உட்கார்ந்த நேரம். சாப்பிட்டது, குடித்தது எல்லாவற்றையும் மூன்று நாள் எழுதிக்கொண்டு வரச் சொன்னார். அதைப் பார்த்துவிட்டு, சாப்பாட்டு நேரங்களுக்கு நடுவில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொறிப்பதுதான் பசியைக் கொல்கிறது என்று காட்டினார். மூன்று வேளைச் சாப்பாடு, இடையில் இரண்டு சிற்றுண்டி, நடுவில் தண்ணீர் மட்டும். ஊட்டித் திணிக்கவேண்டாம், எதை எப்போது வைப்பது என்பது உங்கள் பொறுப்பு, எவ்வளவு சாப்பிடுவது என்பது அவள் பொறுப்பு என்றார். கேட்கும்போது நெஞ்சு அடித்துக்கொண்டது, ஒல்லியான குழந்தையைத் தட்டோடு விட்டுவிட எந்தத் தாய்க்கும் மனசு வராது. ஆனால் மேசையில் அழுகை நின்றதும் அவளாகவே கரண்டியை எடுக்கிறாள். வளர்ச்சி வரைபடத்தையும் அவர்தான் விளக்கினார். உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட அளவீட்டில், வயதுக்குரிய எடை மைனஸ் 2 கோட்டுக்குக் (சராசரிக் கோட்டுக்கு நன்றாகக் கீழே வரையப்பட்டிருக்கும் எல்லைக் கோடு) கீழே இருந்தால்தான் எடைக்குறைவு. ஒல்லியாக இருந்தாலும் தன் கோட்டிலேயே மேலே போய்க்கொண்டிருக்கும் குழந்தையும், கோட்டை விட்டுக் கீழே இறங்கும் குழந்தையும் ஒன்றல்ல. இறங்குகிற குழந்தைக்குக் கடையில் எதையும் தேடாதீர்கள், மருத்துவரிடம் போங்கள். உயரமும் நின்றுபோயிருந்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ உடனே போகவேண்டும், கோதுமைப் புரதம் சேராத சீலியாக் நோய் மாதிரி வேறு காரணங்களும் இருக்கலாம்.

எடை பார்க்கும் மிஷினைப் பற்றியும் ஒரு வார்த்தை. தினமும் ஏற்றி நிறுத்தாதீர்கள். இந்த வயதில் குழந்தைகள் ஆண்டுக்கே ஏறத்தாழ 2 கிலோதான் ஏறுவார்கள், ஒரு டம்ளர் தண்ணீரும் ஒரு தடவை கழிப்பறை போவதும் அந்த வாரத்துக் கணக்கையே விழுங்கிவிடும். மாதம் ஒரு தடவை, அதே மிஷின், காலையில், லேசான உடை.

கால்சியத்துக்கு மட்டும் இன்னும் ஒரு கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 4 முதல் 8 வயதுக்கு ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம், வைட்டமின் டி 600 யூனிட் என்பது அமெரிக்கப் பரிந்துரை, உங்கள் நாட்டு அளவு கொஞ்சம் மாறலாம். சத்து சேர்த்த சோயா பால் இரண்டு கப் அதில் பாதிக்கு மேல் கொடுத்துவிடும். மீதிக்குக் கீரை, மீன், எள் போதுமா, மாத்திரை வேண்டுமா என்று எங்கள் மருத்துவரிடம் கேட்டபோது வைட்டமின் டி சொட்டு மருந்து மட்டும் எழுதிக்கொடுத்தார். கேக்கில் வெந்த பாலை மிகச் சிறிய அளவில் கொடுத்துப் பார்க்கும் படிநிலை முறையை அடுத்த பரிசோதனைக்குப் பிறகு அவர் கண்காணிப்பிலேயே தொடங்கலாம் என்று சொல்லியிருக்கிறார், பல குழந்தைகளுக்கு வளர வளர இது சரியாகிவிடுமாம். அதுவரை எங்கள் அலமாரியில் சோயா பால், பீனட் பட்டர், எண்ணெய், படுக்கப் போகும் முன் கொடுக்க அந்தப் பட்டாணிப் பவுடர்.